மருந்துக்கு மசியாத களை!

கோதுமைக் கதிர் பால் பிடிக்கும் காலம். இன்னும் சில வாரங்கள் பொறுத்தால் போதும். வயல் பொன் நிறமாக மாறும். களம் நிறையும். கடனும் அடையும்.

ஆனால், அந்த விவசாயிகள் பொறுக்கவில்லை. அரிவாளை எடுத்தார்கள். பச்சைப் பயிரை அப்படியே அறுத்தார்கள். கட்டுக் கட்டாகக் கட்டி, மாட்டுக்குத் தீவனமாகப் போட்டு விட்டார்கள்!

அவர்களுக்கு என்ன, பைத்தியமா?

இல்லை. அந்த வயல்களில் கோதுமையை விடக் களைதான் அதிகமாக நின்றது. விட்டு வைத்தால் களை முற்றும், விதை கொட்டும், அடுத்த ஆண்டும் நிலம் பாழாகும். மனிதன் வாய்க்குப் போகவேண்டியது போனாலும், மாட்டின் வாய்க்காவது கிடைக்கட்டுமே என்று அறுத்து விட்டார்கள்.

இது நடந்த இடம் அரியானா மாநிலம். காலம் 1990-களின் முற்பகுதி.

"களைக்கு மருந்து அடிக்கவில்லையா?" என்று கேட்பீர்கள்.

அடித்தார்கள். அதே மருந்து, அதற்கு முன்பு 10 ஆண்டுகளுக்கு மேலாக அதே களையை அழித்துக் கொண்டு வந்ததுதான். ஆனால் இப்போது களை கருகவில்லை. காற்றில் தலையை ஆட்டிக் கொண்டு நின்றது!

ஏன் அப்படி? மருந்து கெட்டுப் போயிற்றா? அல்லது களைக்குப் புதிதாக ஏதாவது சக்தி வந்து விட்டதா?

இந்தக் கேள்விக்கான பதில், அரியானா விவசாயிக்கு மட்டும் தேவையானது அல்ல. நம் ஊர் ரேஷன் கடைக்கு வரும் கோதுமை வட நாட்டு வயல்களில்தான் விளைகிறது. நம் வீட்டுச் சப்பாத்திக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு!

கோதுமை வேஷம்

அந்தக் களையின் பெயர் "மண்டூசி". அரியானாவில் இப்படிச் சொல்கிறார்கள். பஞ்சாபில் அதற்கு "குல்லி டண்டா" என்று பெயர். நம் பையன்கள் ஆடும் கிட்டிப்புள்ளுக்கு வட நாட்டில் என்ன பெயரோ, அதே பெயர்தான் இந்தக் களைக்கும்! தாவர நூலார் இதை "ஃபலாரிஸ் மைனர்" என்று அழைக்கிறார்கள்.

இது புல் இனம். கோதுமையும் புல் இனம்தான். அதனால், இளம் பருவத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

நம் ஊர் நெல் வயலில், நெற்பயிர் போலவே வளர்ந்து ஏமாற்றும் புல்லை விவசாயிகள் அறிவார்கள். கதிர் வெளியே வந்த பிறகுதான் "அட, இது நெல் இல்லை!" என்று தெரியும். அதே ஜாலத்தைக் கோதுமை வயலில் செய்வது மண்டூசி.

கூர்ந்து பார்த்தால் ஒரே ஓர் அடையாளம் உண்டு. இளஞ்செடியின் தண்டு, மண்ணுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும். கிள்ளினால் சிவப்பாகச் சாறு கசியும். ஏக்கர் கணக்கில் நிற்கும் பயிரில், ஒவ்வொரு செடியாகக் கிள்ளிப் பார்க்க யாரால் முடியும்?

இன்னொரு தந்திரமும் அதற்கு உண்டு. கோதுமை அறுவடைக்கு முன்பே அது விதையை உதிர்த்து விடும். விதை மிகச் சிறியது, பளபளப்பானது. ஒரு கதிரிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். விவசாயி அரிவாளோடு வரும்போது, அடுத்த ஆண்டுக்கான களை மண்ணுக்குள் பத்திரமாகப் படுத்திருக்கும்!

குட்டைக் கோதுமை

மண்டூசி, மத்தியதரைக் கடல் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பூண்டு. வட இந்தியாவிலும் முன்பே இருந்தது. ஆனால் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதைப் பெரிய மனிதனாக்கியது, நாம் கொண்டு வந்த மாறுதல்கள்தான்.

1960-களில் நாட்டில் உணவுப் பஞ்சம். வெளிநாட்டுக் கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் அது.

அப்போது மத்திய உணவு மந்திரியாக இருந்தவர் நம் கோவை மாவட்டத்துக்காரரான சி.சுப்பிரமணியம். 1966-ம் ஆண்டில், மெக்சிகோ நாட்டிலிருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகம் அது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற நம் நாட்டு விஞ்ஞானிகள், அந்த ரகங்களை இந்திய மண்ணில் சோதித்து வெற்றி கண்டிருந்தார்கள்.

விளைச்சல் பெருகியது. பசி தணிந்தது. அது பெரிய சாதனை. அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், பழைய கோதுமை நெட்டை. அது தன் நிழலிலேயே களையை அமுக்கி வைத்திருந்தது. புதிய கோதுமை குட்டை. அதன் நிழல் போதவில்லை. அதற்குக் கொடுத்த உரத்தையும் தண்ணீரையும், அழையாத விருந்தாளியாக வந்த மண்டூசியும் பங்கு போட்டுக் கொண்டது.

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பஞ்சாப், அரியானா விவசாயிகள் பெரும் அளவில் நெல் பயிரிடத் தொடங்கினார்கள். மழைக் காலத்தில் நெல். குளிர் காலத்தில் கோதுமை. நெல் வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரில் மற்றப் பல களைகளின் விதைகள் அழுகும். மண்டூசி விதை அழுகாது! நெல் அறுவடையானதும் அந்த ஈர மண்ணில் குஷியாக முளைக்கும்.

போட்டி இல்லாத மைதானம் அதற்குக் கிடைத்து விட்டது.

வந்தது மருந்து

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது நம் பழமொழி. முழுப் பயிரில் முக்கால் பங்கு போய், கால் பங்குதான் மிஞ்சும் என்று பொருள். மண்டூசி கடுமையாக மண்டினால், அந்தக் கால் பங்கும் மிஞ்சாது.

1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் ஒரு மருந்து பரவியது. அதன் பெயர் ஐசோபுரோட்டூரான்.

அது எப்படி வேலை செய்கிறது?

செடிக்குச் சமையலறை அதன் இலை. வெயில்தான் அடுப்பு. வெயிலின் சக்தியைக் கொண்டு இலை தனக்கு வேண்டிய உணவைத் தயாரித்துக் கொள்கிறது. இந்த மருந்து செடிக்குள் புகுந்து அந்த அடுப்பையே அணைத்து விடும். உணவு இல்லாமல் செடி வெளுத்துக் கருகும்.

"அப்படியானால் கோதுமையும் சாக வேண்டுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி!

கோதுமைக்குள் சில நொதிகள் இருக்கின்றன. நாம் சாப்பிட்ட சோற்றை நம் வயிற்றில் உள்ள நொதிகள் செரிக்க வைக்கின்றன அல்லவா? அது போல, கோதுமையின் நொதிகள் இந்த மருந்தைச் சிதைத்து, விஷம் இல்லாத பொருளாக மாற்றி விடுகின்றன. மண்டூசிக்கு அவ்வளவு வேகமாகச் சிதைக்கத் தெரியாது. எனவே கோதுமை பிழைத்தது, மண்டூசி மாண்டது.

விவசாயிகளுக்கு ஒரே மகிழ்ச்சி. மருந்து விலையும் கட்டுப்படியாக இருந்தது. குனிந்து குனிந்து களை எடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தெளித்தால் தீர்ந்தது.

ஆண்டு தோறும் நெல். ஆண்டு தோறும் கோதுமை. ஆண்டு தோறும் அதே மருந்து!

சந்தேகம்

1992-93 கோதுமைப் பருவம். அரியானாவில் பல வயல்களில் மருந்து தோற்றது.

இப்படி நடந்தால் யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? "கடைக்காரன் போலி மருந்து கொடுத்து விட்டான்" என்று தோன்றும். "தெளித்தவன் சரியாகத் தெளிக்கவில்லை" என்று தோன்றும். மருந்தை மணலோடும் உரத்தோடும் கலந்து கையால் வீசிய விவசாயிகளும் இருந்தார்கள். எனவே சந்தேகத்துக்கு இடம் இருந்தது.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மருந்து தோற்ற வயலிலிருந்து மண்டூசி விதையைச் சேகரிக்க வேண்டும். அந்த மருந்தையே பார்த்திராத இடத்திலிருந்தும் விதை சேகரிக்க வேண்டும். இரண்டையும் தனித் தனித் தொட்டிகளில் வளர்த்து, ஒரே மருந்தை, ஒரே அளவில், ஒரே நாளில் தெளிக்க வேண்டும்.

ஹிசார் நகரில் உள்ள அரியானா வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்கள். ஒரு வகை செத்தது. இன்னொரு வகை சாகவில்லை! பல மடங்கு மருந்து கொடுத்தால்தான் அது தளர்ந்தது.

மருந்து போலி அல்ல. தெளித்தவர் மேல் மட்டும் குற்றம் அல்ல. களையே மாறி விட்டது! ஆர்.கே.மாலிக், எஸ்.சிங் ஆகிய விஞ்ஞானிகள் இந்த முடிவை 1995-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

கர்னால், குருச்சேத்திரம், கைத்தல் ஆகிய நெல்-கோதுமை மாவட்டங்களில் பாதிப்பு கடுமையாக இருந்தது. அரியானா, பஞ்சாப் மாநிலங்களில் பல லட்சம் ஏக்கருக்கு அது பரவியது. கோதுமையைக் கைவிட்டுச் சூரியகாந்திக்கு மாறியவர்களும் உண்டு.

செடி பாடம் படித்ததா?

"மருந்து குடித்துக் குடித்துக் களைக்குப் பழகி விட்டது" என்று பலர் சொல்கிறார்கள். கள்ளுக் குடிப்பவனுக்குப் போதை குறைவது போல என்று நினைக்கிறார்கள்.

அது தவறு. தனிப்பட்ட எந்தச் செடியும் மருந்துக்குப் பழகவில்லை. சாகக்கூடிய செடி செத்துத்தான் போயிற்று.

பிறகு நடந்தது என்ன?

ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் சிவப்பாக இருக்கிறான். ஒருவன் மாநிறமாக இருக்கிறான். ஒருவனுக்கு நெய் செரிக்கிறது, ஒருவனுக்குச் செரிப்பதில்லை. செடிகளிலும் அப்படியே. ஒரு வயலில் லட்சக்கணக்கான மண்டூசிச் செடிகள் இருந்தால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் தன்மை கொண்ட செடி, எங்கோ ஒன்று இருக்கலாம்.

மருந்து வருவதற்கு முன்பு அந்தச் செடிக்கு எந்தச் சிறப்பும் இல்லை. கூட்டத்தில் ஒன்றாக அதுவும் நின்றது. மருந்து வந்தது. சுற்றி இருந்த செடிகள் எல்லாம் மடிந்தன. அந்த ஒன்று மட்டும் நின்றது. இப்போது இடம் அதற்கு, தண்ணீர் அதற்கு, வெயில் அதற்கு! அது போட்ட விதைதான் நிலத்தில் விழுந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது ஒரு உதாரணக் கணக்குதான்.

முதல் ஆண்டில் பிழைத்தது ஒரு செடி. எறும்பு தின்றது, மக்கிப் போனது எல்லாம் போக, ஒரு செடிக்குப் பத்துச் செடி வீதம் மிஞ்சுவதாக வைத்துக் கொள்வோம். இரண்டாம் ஆண்டு 10. மூன்றாம் ஆண்டு 100. நான்காம் ஆண்டு ஆயிரம். ஐந்தாம் ஆண்டு 10 ஆயிரம். ஆறாம் ஆண்டு ஒரு லட்சம். ஏழாம் ஆண்டு 10 லட்சம்!

இதில் பயங்கரம் எங்கே இருக்கிறது, தெரியுமா?

முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் விவசாயிக்கு எதுவுமே தெரியாது. "நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது களை செத்தது. மருந்து பிரமாதம்!" என்று மகிழ்வார். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் செடியைப் பார்த்து, "மருந்து அதன் மேல் படவில்லை போலிருக்கிறது" என்று போய் விடுவார். வயல் முழுதும் களை தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஆக, மருந்து புதுக் களையை உண்டாக்கவில்லை. சாகிற களையை எல்லாம் கொன்று, சாகாத களையை நிலத்துக்குச் சொந்தக்காரனாக்கி விட்டது!

கொசுவுக்கு டி.டி.டி. மருந்து பலிக்காமல் போனதும் இப்படித்தான். டாக்டர் கொடுக்கும் சில மாத்திரைகளுக்குக் கிருமிகள் அடங்காமல் போவதும் இப்படித்தான்.

உள்ளேயும் வேஷம்

சரி, சாகாத மண்டூசி மருந்தை எப்படித் தாங்கியது? விஞ்ஞானிகள் அதையும் ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை ஆச்சரியமானது.

கோதுமை எந்த வழியில் மருந்தைச் சிதைத்துப் பிழைக்கிறதோ, அதே வழியில்தான் மண்டூசியும் பிழைக்கிறது! அதே போன்ற நொதிகள் அதற்குள்ளும் வேகமாக வேலை செய்கின்றன.

இதை எப்படிக் கண்டார்கள்? அந்த நொதிகளை முடக்கும் ஒரு பொருளை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். உடனே, மசியாத மண்டூசியிடமும் மருந்தின் வேலை தெரியத் தொடங்கியது.

"அப்படியானால் அந்தப் பொருளையே வயலில் தெளித்து விடலாமே!" என்று தோன்றும். தெளித்தால், கோதுமையின் நொதிகளும் முடங்குமே! திருடனைப் பிடிக்க வீட்டுக்காரனையும் சேர்த்துக் கட்டிப் போட்ட கதையாகி விடும்.

வெளியே கோதுமை வேஷம் போட்ட களை, உள்ளேயும் கோதுமை வேஷம் போட்டு விட்டது!

அளவைக் குறைத்துத் தெளித்ததும் இந்தக் களைக்கு உதவியது. சரியான அளவில் அடித்தால் சாகக்கூடிய அரைகுறைப் பலம் கொண்ட செடிகள், குறைந்த அளவில் அடிக்கும்போது தப்பி விடுகின்றன. அவை ஒன்றோடொன்று கலந்து, அடுத்த தலைமுறையில் இன்னும் பலம் கொண்ட செடிகளைத் தருகின்றன. சிக்கனம் என்று நினைத்தது, களைக்குச் சீதனமாகி விட்டது.

மறுபடியும் அதே கதை

பழைய மருந்து தோற்றதும் புதிய மருந்துகளைத் தேடினார்கள். 1997-98 வாக்கில் குளோடினாஃபாப், ஃபெனாக்ஸாப்ராப், சல்ஃபோசல்ஃபூரான் ஆகிய மருந்துகள் சிபாரிசு செய்யப்பட்டன. அவை வேறு வழியில் களையைத் தாக்குபவை. வயல்கள் மீண்டும் சுத்தமாயின. விளைச்சல் திரும்பியது. விவசாயிகள் மூச்சு விட்டார்கள்.

ஆனால் பழக்கம் மாறவில்லை. அதே நெல், அதே கோதுமை. மருந்தின் பெயர் மட்டும் வேறு. மறுபடியும் ஆண்டு தோறும் அதே மருந்து!

முடிவு என்ன ஆகும்? கணக்குப் போட்ட நமக்கே தெரியும்.

கர்னாலில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெவ்வேறு விதமாகத் தாக்கும் மூன்று வகை மருந்துகளுக்கும் மசியாத மண்டூசி வந்து விட்டது என்பதே அதன் சாரம். ஒரு பூட்டை அல்ல, மூன்று பூட்டுகளைத் திறக்கும் திருடன்!

உலகமெங்கும்

இது அரியானாவுக்கு மட்டும் வந்த சங்கடம் என்று எண்ண வேண்டாம்.

2,4-டி என்ற களைக்கொல்லி, 1940-களில் பிறந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆயின. 1957-ம் ஆண்டிலேயே, ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டத்தில் அதற்குச் சாகாத களை காணப்பட்டது. அது நம் ஊர்க் கானாவாழைக்குத் தம்பி முறை ஆகும் பூண்டு! அதே ஆண்டில் கனடா நாட்டில், காட்டுக் காரட் அந்த மருந்துக்குச் சாக மறுத்தது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப் பண்ணை. அங்கே 1958 முதல் 1968 வரை, 10 ஆண்டுகள், சிமசின் என்ற மருந்தையும் அதன் இனத்தைச் சேர்ந்த அட்ரசினையும் தெளித்தார்கள். பத்தாண்டு முடிவில் அங்கே ஒரு சிறு களை மருந்துக்கு அசையாமல் நின்றது. விஞ்ஞானிகள் இந்த விஷயத்தைக் கூர்ந்து ஆராயத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பிறகு கிளைஃபோசேட் என்ற மருந்து புகழ் பெற்றது. பச்சையாக இருப்பது எதையும் கொல்லும் மருந்து அது. 1990-களில் அமெரிக்காவில், அந்த மருந்துக்குச் சாகாத சோயா மொச்சையையும் பருத்தியையும் உருவாக்கினார்கள். மருந்தைப் பயிரின் மேலேயே தெளிக்கலாம். களை மட்டும் சாகும். இனிக் களைத் தொல்லையே இல்லை என்று பலர் எண்ணினார்கள்.

2005-ல் ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திக் காட்டில், அந்த மருந்துக்கும் சாகாத களை உறுதி செய்யப்பட்டது. அது நாம் உண்ணும் தண்டுக்கீரைக்கு உறவான ஒரு காட்டுக்கீரை! ஆள் உயரத்துக்கும் மேல் வளரும். ஒரே செடி லட்சக்கணக்கில் விதை போடும். பெரிய பெரிய இயந்திரங்கள் ஓடும் அந்த நாட்டிலும், கூலியாட்கள் மண்வெட்டியோடு வயலில் இறங்கிக் களை வெட்ட வேண்டியதாயிற்று.

இன்று உலகில் 270-க்கும் மேற்பட்ட களை இனங்கள் ஏதாவது ஒரு மருந்துக்கு மசியாதவையாக ஆகியிருக்கின்றன.

உழாமல் விதைப்பு

அரியானாவின் கதை சோகத்தோடு முடியவில்லை. அங்கே ஒரு புது வழியும் பிறந்தது.

"உழாமல் விதை!" என்றார்கள் நிபுணர்கள்.

கேட்டால் சிரிப்பு வரும். உழுவது களையை ஒழிக்கத்தானே? ஆனால் மண்டூசி விஷயத்தில் உழவே எதிரிக்கு உதவியது. மண்ணைப் புரட்டும்போது, ஆழத்தில் உறங்கும் விதை மேலே வந்து முளைத்தது!

அதனால், நெல் அறுத்த தாளோடு இருக்கும் நிலத்தில், உழாமலே கோதுமையை விதைக்க ஓர் இயந்திரம் வந்தது. அது மண்ணில் மெல்லிய கீறல் போடும். கீறலில் விதையும் உரமும் விழும். மற்ற இடத்தில் மண் அசையாது. ஆழத்தில் கிடக்கும் மண்டூசி விதை உறங்கிக் கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு லாபம். உழவுக்கு ஆகும் நாட்கள் மிச்சம். எனவே கோதுமையைச் சீக்கிரமாகவே விதைக்கலாம். மண்டூசிக்குக் குளிர் வேண்டும். குளிர் கூடும் முன்பே விதைத்தால், கோதுமை முந்திக் கொள்ளும். களை முளைக்கும்போது பயிர் தலை தூக்கி நிழல் பரப்பி விடும். டீசல் செலவும் குறைந்தது.

1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த முறை, அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது. வைக்கோலைக் கொளுத்தாமல் அதன் ஊடாகவே விதைக்கும் இயந்திரமும் பிறகு வந்தது. பரப்பி விட்ட வைக்கோல் போர்வையாகி, களையை முளைக்க விடாமல் அமுக்குகிறது.

மாற்றிப் போடு!

மாற்றுப் பயிர் செய்த விவசாயிகளின் நிலத்தில் தொல்லை குறைவாகவே இருந்தது. கரும்பு போட்டவர்கள், காய்கறி போட்டவர்கள், சூரியகாந்தி போட்டவர்கள் தப்பினார்கள். பர்சீம் என்ற தீவனப் பயிர் போட்டவர்களுக்கு நல்ல பலன். அதை மாட்டுக்காக அடிக்கடி அறுப்பார்கள். கூடவே களையின் தலையும் விதை போடும் முன்பே போய் விடும்!

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நிபுணர்கள் சொல்லும் யோசனைகள் சுருக்கமாக இவை:

1. ஒரே பயிரை ஆண்டு தோறும் அதே நிலத்தில் போடாதீர்கள். இடையே ஒரு தடவையாவது மாற்றுங்கள்.

2. ஒரே வகை மருந்தையும் ஆண்டு தோறும் அடிக்காதீர்கள். மருந்தை மாற்றும்போது, டப்பாவின் பெயர் மாறினால் மட்டும் போதாது. அது களையைத் தாக்கும் வழியும் வேறாக இருக்க வேண்டும். வேளாண்மை அதிகாரியிடம் கேட்டால் சொல்வார்.

3. சொன்ன அளவை, சொன்ன நாளில், விசைத்தெளிப்பானால் ஒரே சீராகத் தெளியுங்கள். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

4. களை விதை கலக்காத சுத்தமான விதையை விதையுங்கள்.

5. முடிந்தால், விதைப்புக்கு முன்பு ஒரு தண்ணீர் விட்டுக் களையை முளைக்க வையுங்கள். அதை அழித்து விட்டுப் பயிரை விதையுங்கள்.

6. மருந்துக்குத் தப்பிய செடியை விதை போட விடாதீர்கள்.

ஆறாவது யோசனைதான் மிகச் சுலபமானது. பணம் செலவில்லாதது. ஆனால் பலரும் மறந்து விடுவதும் அதைத்தான்!

மருந்து அடித்த மூன்று நான்கு வாரம் கழித்து, வயலை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். எல்லாம் கருகிக் கிடக்கும் இடத்தில், ஒரே ஒரு செடி பச்சையாக நிற்கலாம். "ஒன்றுதானே!" என்று விட்டு விடக் கூடாது. ஏழாம் ஆண்டில் பத்து லட்சமாகப் போவது அதுதான்.

குனிந்து, வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே எறிந்து விடுங்கள். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம், எத்தனையோ பருவங்களின் விளைச்சலைக் காப்பாற்றும்!